மூலைப் பயிர்

ரசூல் பாயின் போர்வெல்லிலிருந்து ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக மோட்டாரைத் தூக்கினேன். ஐந்நூற்றெண்பது அடி. ஒவ்வொரு பைப்பாகக் கழற்றி மேலே கொண்டுவருவதற்குள் தோள்பட்டை இரண்டும் விட்டுப்போகும். வெளியே வந்த மோட்டாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பம்புக்குள் சுழலும் தட்டுகளில் உப்பு ஏறி, வெள்ளைக் கல்லாக இறுகிக் கிடந்தது. உளி வைத்துத் தட்டினால்தான் பெயர்ந்தது. நான் பாயைத் திட்டினேன். மோட்டாரைத் திட்ட முடியாது, பூமியைத் திட்ட முடியாது, எதிரில் நிற்கிற மனுஷனைத்தானே திட்ட முடியும்.

"இனிமே என்னயக் கூப்பிடாதீக பாய். ஊறுகா ஜாடிக்குள்ள மோட்டாரப் போட்டு வச்சிருக்கீக. எத்தன வாட்டிதான் தூக்குறது?"

"இந்த ஒரு வாட்டி எறக்கி உட்ருங்க அழகரு. பயிரு தூரு கட்டுற நேரம்."

எங்கே இருக்கிறது பயிர் என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். நட்டு இருபத்திரண்டு நாள் ஆன நெல். ஒன்றேகால் ஏக்கர் கழனியும் மஞ்சளடித்து, இலை நுனியெல்லாம் நெருப்பில் காட்டியதுபோலச் சுருண்டு நின்றது. வரப்போரம் மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. அவர் பதில் சொல்லாமல் வீட்டுப் பக்கம் இருந்த மூலையைக் கை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் நெல் கருகருவென்று பச்சை கட்டி நின்றது.

என் பெயர் அழகர்சாமி. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். கம்பெனியை மூடினார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு மோட்டார் வைண்டிங் கற்று, குருபரப்பள்ளியில் பெரிய ரோட்டோரமாகக் கடை போட்டேன். பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் போகிற லாரியெல்லாம் என் சோற்றில் கொஞ்சம் புழுதி போட்டுவிட்டுத்தான் போகும். சுற்றிலும் இருபது மைலில் எந்த போரில் என்ன தண்ணீர் வருகிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். நல்ல சேதியாகச் சொல்லிப் பல நாள் ஆயிற்று.

ரசூல் பாய் பிறந்ததிலிருந்து விவசாயி இல்லை. மாங்காய் வியாபாரி. தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, கூழ் ஆலைகளுக்கு லோடு அனுப்பியவர். அதில் வந்த காசில் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்குக் கீழே இந்தக் கழனியை வாங்கி, அதன் தலைமாட்டிலேயே வீடும் கட்டினார். வியாபாரி வாங்கிய நிலம் என்று ஊரில் சிரித்தார்கள். அவர் நாலாவது வருஷமே ஊரைவிட நன்றாக விளைவித்துக் காட்டினார். அந்த ரோஷம் அவருக்கு இன்னும் இறங்கவில்லை. மூன்று வருஷமாகத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஏரியில் நுரை மிதக்கிறது, மாடுகூட வாய் வைப்பதில்லை. மேலே வரிசையாக வந்த கம்பெனிகளில் ஏதோ ஒன்று விட்டதா, போரை ஆழமாகப் போட்டதால் அடியிலிருந்தே ஏறிவிட்டதா, யாரும் எழுதித் தரவில்லை. ஆளாளுக்கு வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். போன பாட்டில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

பக்கத்துக் கழனிக்காரர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். சூளகிரி சென்னகிருஷ்ணன் ஒவ்வொன்றாக ஒன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து, கிராவல் கொட்டி மேடாக்கி, கம்பெனிகளுக்கு வரும் லாரிகள் நிற்க இடமாக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் மரியாதையாகத்தான் பேசுவார். நடுவில் மிச்சம் இருந்தது ரசூல் பாயின் கழனி ஒன்றுதான். கிராவல் ஒரு தடவை விழுந்தால் அந்த மண் மறுபடி கழனி ஆகாது. அது பாய்க்குத் தெரியும், சென்னகிருஷ்ணனுக்கும் தெரியும். இந்தப் பயிர் வீட்டுக்கு வராவிட்டால் கொடுத்துவிடுகிறேன் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். அப்போதுதான் இந்த மூலை பச்சையாக நின்று தொலைத்தது.

"அதே நாத்து, அதே தண்ணி, அதே உரம். இது மட்டும் நிக்குதுன்னா இதுல என்னாமோ இருக்குது அழகரு. உப்பத் தாங்குற ரகம் ஒண்ணு நாத்துல கலந்து வந்துருக்குது. இதுல வெதை எடுத்துட்டா அடுத்த வருசம் கயினி பூராத்துக்கும் இதான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லப்போனால் எனக்கு நம்ப ஆசையாக இருந்தது. மோட்டாரைச் சுத்தம் செய்து இறக்கிவிட்டேன்.

அவருடைய மகள் சுஹைனா அந்த மூலையைப் போனில் படம் எடுத்து விவசாயக் குழுவில் போட்டாள். சுஹைனாவுக்கு இருபத்துமூன்று வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வயர் கனெக்டர்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிக்கிற வேலை. அவள் போட்ட படம் ஒரே நாளில் எங்கெங்கோ சுற்றி, பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் சத்யப்ரியா, பெரம்பலூர்ப் பக்கம். நெற்பயிரில் உப்புப் பட்டால் இலைக்குள் என்னென்ன புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்பதுதான் அந்தப் பெண்ணின் படிப்பு. இதற்கெல்லாமா படிப்பு என்று நான் கேட்டேன். ஆறு வருஷமாக இதைத்தான் படிக்கிறேன், இன்னும் முடியவில்லை என்று சிரித்தது. சிரிப்பிலேயே களைப்புத் தெரிந்தது.

நட்ட இருபத்துநாலாம் நாள் அந்தப் பெண் முதல் தடவை வந்தது. கூடவே ஒரு அலுமினிய கேன். பஸ்ஸில் அதை ஏற்றமாட்டார்கள் என்று வாடகைக் காரில் கட்டிக்கொண்டு வந்தது. உள்ளே உறைய வைக்கிற திரவ நைட்ரஜனாம், மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிகிறது. இலையை வெட்டின கையோடு அலுமினியத் தாளில் சுற்றி அதற்குள் போட்டுவிட வேண்டுமாம். வெட்டிய இலை தான் வெட்டுப்பட்டதை உணர்ந்து மாறத் தொடங்குவதற்குள் அப்படியே உறைந்துபோக வேண்டும். அப்போதுதான் உப்பால் ஆனது எது என்று தெரியுமாம். கருகுகிற பயிரில் ஒரு கட்டு, மூலைப் பயிரில் ஒரு கட்டு. மண்ணும் எடுத்தது. வழக்கமாக மண் பரிசோதனைக்கு எடுக்கிற மாதிரி நாலு மூலையிலும் நடுவிலும் தோண்டி, எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, ஒரு பை. ரசூல் பாய் கூடவே நடந்து குடை பிடித்தார்.

முப்பத்திரண்டாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தது. நாற்பதாம் நாள் வந்தது. நாற்பதாம் நாள் கழனியில் பச்சை என்று சொல்ல ஆங்காங்கே நடுக்குருத்து ஒன்றுதான் இருந்தது. அதையும் தேடித் தேடி வெட்டியது. பாய்க்கு அது பிடிக்கவில்லை. செத்துக்கொண்டிருப்பதில் என்ன பார்க்கப் போகிறாய், மூலையில் வெட்டு என்றார். இரண்டும் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னது.

அந்த நாட்களில் பாய் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் பனியோடு எழுந்து வந்து மூலைப் பயிரிடம் நிற்பார். கொஞ்சுவார். 'என் சிங்கம்' என்பார். திரும்பும்போது மற்றப் பயிரைப் பார்த்து ஏசுவார். "சொரண இருக்குதா உங்களுக்கு? ஒரே தாயி வவுத்துல பொறந்ததுதான அதுவும். அது நிக்கல? துப்புக் கெட்டதுங்க" என்று வரப்பில் நின்று சத்தமாகவே சொல்வார். நானும் வேலிப்பக்கம் நின்று சிரித்திருக்கிறேன். நாற்பத்தைந்தாம் நாள் அதுவும் முடிந்தது. கழனி வைக்கோல் நிறத்தில் படுத்துக்கொண்டது. அவர் அதைக் காலால் எத்திக்கொண்டு நடந்தார்.

ஃபரீதா அக்கா இதிலெல்லாம் வாய் திறக்க மாட்டார். பாயின் மனைவி. கிருஷ்ணகிரி டவுனில் பிறந்தவர். மாடு, கோழி, சமையல், ஐந்து வேளைத் தொழுகை, மகளின் ஷிப்டுக்குச் சோறு கட்டுவது, இவற்றுக்கு நடுவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. மார்கழியில் ஒருநாள் எனக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டுவிட்டு, நீங்களாவது சொல்லக்கூடாதா என்று கேட்டார். என்ன சொல்ல என்றேன். கொடுத்துவிடச் சொல்லி என்றார். அவர் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்னால் நிலமே உப்பாயிருக்கும்போது சோற்றில் குறைத்து என்ன என்கிறார் என்றார். "எனக்கு நெலமும் வேணாம், நெல்லும் வேணாம் தம்பி. அவுரு படுத்தாத் தூங்குனாப் போதும். ஆனா அந்த மூலையப் பாத்து அவுரு மொகம் தெளியறப்போ, கொடுத்துடுங்கன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது" என்று களிச்சட்டியைச் சுரண்டினார்.

சுஹைனா தன் அப்பாவைப் பற்றி நேராகவே சொன்னாள். "அத்தாகிட்ட ஒரு முடிவு வேணும்ணே. வெளையும்னா வெளையும், இல்லன்னா இல்ல. கம்பெனில ஒரு பீஸ் பாஸா பெயிலான்னு பாக்க எனக்கு நாலு செகண்டு. இங்க மூணு வருசமா பாத்துனே இருக்கோம்."

தையில் மூலைப் பயிர் விளைந்தது. பாய் அரிவாளே வைக்கவில்லை. கதிர் கதிராகக் கையால் கிள்ளி, துணியில் போட்டு, உள்ளங்கையால் தேய்த்து உதிர்த்தார். முக்கால் படி வந்தது. மஞ்சள் துணியில் கட்டி, குர்ஆன் வைக்கிற அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்தார். சென்னகிருஷ்ணன் வந்து, லாரிக்காரர்கள் நெருக்குகிறார்கள், மாசி முடிவதற்குள் ஒன்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் வேலியைச் சுற்றி அடைத்துக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் உங்களுக்குப் பாதையும் இருக்காது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளது அதுதான். பெங்களூரிலிருந்து அந்தப் பெண்ணின் ரிசல்ட் வரட்டும் என்றார் பாய். எல்லாம் அதில் வந்து நின்றது. நான்கூடக் கடையில் லாரிக்காரர்களிடம், எங்கள் ஊரில் உப்பில் விளைகிற நெல் ஒன்று வந்திருக்கிறது என்று அளந்துவிட்டேன்.

மாசி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மூன்று மணி போல அந்தப் பெண் வந்தது. இந்தத் தடவை கேன் இல்லை. தோள்பையும், கையில் உப்பு அளக்கிற, பேனா மாதிரி ஒரு மீட்டரும். பாய் என்னையும் கூப்பிட்டிருந்தார். வெயில் இன்னும் தணியவில்லை. நாற்காலி போட்டார்கள். அக்கா டீ கொண்டுவந்தார். அந்தப் பெண் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தது.

"ஐயா, உப்புப் பட்டா நெல்லு சும்மா இருக்காது. சில புரதத்தப் புதுசா உண்டாக்கும், சிலத நாலு மடங்கு அஞ்சு மடங்கு கூட்டும். ஒண்ணு, உப்ப வேர்ல இருந்து வெளிய தள்ளும். ஒண்ணு, உள்ள வந்துட்ட உப்பப் புடிச்சு ஒரு அறையில போட்டுப் பூட்டி வைக்கும். இன்னொண்ணு, உருக்கொலஞ்சு போற மத்த புரதங்களத் தூக்கி நிமித்தி விடும். உப்பத் தாங்குற ரகமா இருந்தா இந்த வேலையெல்லாம் இன்னும் சீக்கிரமா, இன்னும் தெளிவா நடக்கும். அதத்தான் உங்க மூலைப் பயிர்ல நான் தேடினேன்."

"இருந்துச்சா?" என்றார் பாய்.

"இல்லைங்கய்யா. ஒண்ணுமே இல்ல. மூணு தடவ எடுத்ததுலயும் இல்ல. எங்க லேப்ல நல்ல தண்ணி ஊத்தி வளர்த்த பயிர் எப்படி இருக்கோ அப்படியே இருக்கு. அந்தப் பயிருக்கு உப்புன்னா என்னன்னே தெரியல."

பாய் சிரிக்கப் பார்த்தார். எங்கேயோ கட்டு மாறியிருக்கும் என்றார். அந்தப் பெண் எழுந்து, ஐயா வாங்க என்று மூலைக்கு நடந்தது. நாங்களும் போனோம். கதிரை எடுத்த பிறகும் அந்த இடத்தில் மண் ஈரமாகத்தான் இருந்தது. தாள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருந்தது. குச்சியால் குழி பறித்து, ஊறிய தண்ணீரில் மீட்டரை விட்டது. பத்தடி தள்ளி, போர்த் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்த பள்ளத்தில் விட்டது. முதல் எண்ணைவிட இரண்டாவது எண் பன்னிரண்டு மடங்கு. இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும், நாலு மூலை மண்ணையும் கலந்தது என் தப்பு, கலந்ததில் இந்த மூலை காணாமல் போய்விட்டது என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது.

"ஐயா, இங்க நல்ல தண்ணி எங்க இருந்து வருது?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. அல்லா மேல் ஆணையாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் இந்தக் கழனிக்கு விட்டதில்லை என்றார். ஒகேனக்கல் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, குடிக்கவே பிடித்து வைக்கிறோம், அதைப் பயிருக்கு விட எனக்கென்ன பைத்தியமா என்றார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. நான் பைப் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று வரப்பைச் சுற்றி வந்தேன். ஒன்றும் இல்லை. அந்த மூலை கொஞ்சம் மேடு, போர்த் தண்ணீர் அங்கே சரியாக ஏறாது என்பது மட்டும் அப்போது ஞாபகம் வந்தது. வாய்க்கால் வெட்டும்போது நானே சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் அது என் மண்டையில் உறைக்கவில்லை.

அப்போது ஃபரீதா அக்கா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கையில் சொம்பு. அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அது நாங்க ஒளு செய்யற எடம்" என்றார்.

தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், கால் எல்லாம் கழுவுகிறதுதான் ஒளு. வீட்டுக்குப் பின்னால் குளியலறை இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ஒளுச் செய்த தண்ணீர் சாக்கடையில் விழக்கூடாது, சுத்தமான மண்ணில்தான் விழ வேண்டும் என்பது அக்காவுக்குத் தாய்வீட்டுப் பழக்கம். அதனால் வீட்டுக்கும் கழனிக்கும் நடுவில் ஒரு கடப்பாக்கல் போட்டு, பக்கத்தில் ஒரு டிரம் வைத்திருந்தார்கள். போர்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் நாக்குக் கசந்து, கை வறண்டு வெள்ளை படிகிறது. மூன்று வருஷமாக அந்த டிரம்மில் ஒகேனக்கல் தண்ணீர்தான். வீட்டில் மூன்று பேர். ஐந்து வேளை. ஆளுக்கு வேளைக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் நாளுக்கு நாற்பத்தைந்து. ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கு அது தாராளம். பாயே அந்தக் கல்லில் உட்கார்ந்து ஒளுச் செய்துவிட்டு, எழுந்து நின்று, எதிரில் பச்சையாக நின்ற பயிருக்காக துஆ கேட்டிருக்கிறார். தான் பயிருக்குத் தண்ணீர் விடுகிறோம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது தொழுகைக்கான தண்ணீர். அதை அவர் தண்ணீர்க் கணக்கிலேயே வைத்ததில்லை.

அக்கா கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்க உங்கள ஏமாத்திட்டேன். தெரியாம ஏமாத்திட்டேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண்ணும் அழுதுவிடும்போல நின்றது. எனக்கு அதைப் பார்க்க மாட்டாமல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல்.

பாய் அக்காவை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்திரி, கல்லெல்லாம் ஈரம் என்று மட்டும் சொன்னார். காய்ந்த கழனியைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"செத்துப்போச்சே, அதுங்கள்ல இருந்துச்சா?"

"எது ஐயா?"

"நீ சொன்னதுதாம்மா. தள்றது, பூட்டி வைக்கிறது, தூக்கி உடறது. அதெல்லாம் அதுங்க செஞ்சுதா, இல்ல சும்மாவே செத்துச்சா?"

அந்தப் பெண் பையிலிருந்து காகிதத்தை எடுத்தது. கோடு கோடாக, புள்ளி புள்ளியாக ஏதோ படம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலை வைத்துக் காட்டியது.

"செஞ்சுச்சுங்கய்யா. இருவத்துநாலாம் நாளே எல்லாம் கூடியிருந்துச்சு. முப்பத்திரண்டாம் நாள் இன்னும் கூட. நாப்பதாம் நாள் நான் கடைசியா வெட்டுன குருத்துலகூட இருந்துச்சு. எலை செத்துக்கிட்டே இருக்கு, அப்பவும் அத உண்டாக்கிக்கிட்டே இருந்திருக்கு. அதுகிட்ட இருந்த எல்லாத்தையும் அதுலதான் போட்டிருக்கு. உப்பு அதுக்கு மேல இருந்துச்சு, அவ்ளோதான்."

"நாப்பது நாளும்?"

"நாப்பது நாளும்."

பாய் வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்தார். காய்ந்த தாள் ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் அதுங்கள என்னென்னமோ ஏசுனேம்மா" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன். சத்தமில்லாமல் அழுதார். நானும் சிரித்தவன்தானே. பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து போகக் கொஞ்சம் நேரமாயிற்று.

அன்று சாயந்திரமே சென்னகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரச் சொன்னார். மறுநாள் சுஹைனா என்னிடம், அத்தா ராத்திரி தூங்கினார் என்றாள். முடிவு வேண்டும் என்றவள் அவள்தான். முடிவு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சென்னகிருஷ்ணன் முத்திரைத்தாளில் டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் மேசை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஃபரீதா அக்கா கதவோரம் நின்றார். பாய்க்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், கண்தான் தெளிவில்லை. அதனால் அக்காவை வாசிக்கச் சொன்னார். அக்கா சர்வே எண், நாலு எல்லை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தார். 'மேற்படி நிலமானது சாகுபடி ஏதுமின்றித் தரிசாகக் கிடப்பதால்' என்று வாசித்தார்.

"நிறுத்து" என்றார் பாய். "அது என்னா, தரிசா?"

"அது சும்மா எழுதறதுதான் பாய். எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் இருக்குது" என்றார் சென்னகிருஷ்ணன்.

"என் கயினி தரிசு இல்ல. நான் நெல்லு நட்டேன்."

"வெளையலியே பாய்."

"வெளையல. அதுக்கோசரம் தரிசா? நாப்பது நாளு நின்னுச்சு. அந்த உப்புல, நல்ல தண்ணி ஒரு சொட்டு இல்லாம, நாப்பது நாளு நின்னுச்சு. எழுதி வெச்சுருக்குது அந்தப் பொண்ணுகிட்ட, பேப்பர்ல. தரிசுன்னு எழுதுனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சென்னகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல. காசுக்கோ எல்லைக்கோ மல்லுக்கட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். மறுபடி டைப் அடிக்கக் கிருஷ்ணகிரிக்குப் போகணும், இன்னொரு முத்திரைத்தாள் வாங்கணும், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நாளையும் நாளை மறுநாளும் லீவு என்று சொல்லிப் பார்த்தார். பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னகிருஷ்ணனின் போன் அடித்தது. கன்னடத்தில் இன்னும் பத்து நிமிஷம் என்று யாருக்கோ சொல்லிவிட்டு வைத்தார். கடைசியில் நான்தான், பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் சுருக்கொப்பம் வைத்தால் செல்லும் என்றேன். செல்லுமா செல்லாதா என்று எனக்குத் தெரியாது. சென்னகிருஷ்ணன் பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"சொல்லுங்க பாய். என்னா எழுதட்டும்?"

பாய் யோசித்தார். கழனிப் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நெல்லு நட்டுருந்த நெலம். உப்புத் தண்ணியில பயிரு போயிருச்சு. அதுவரைக்கும் தாங்கி நின்னுச்சு. இவ்ளோத்தையும் எழுதுங்க."

ஓரத்தில் இடம் போதவில்லை. சென்னகிருஷ்ணன் எழுத்தைச் சின்னதாக்கி, காகிதத்தைத் திருப்பி வைத்து, மேலிருந்து கீழாக எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் நீட்டினார். அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். இன்னொரு தடவை என்றார் பாய். இன்னொரு தடவையும் வாசித்தார்.

"சரியா இருக்குதா ஃபரீதா?"

"சரியாத்தாங்க இருக்குது. போடுங்க."

பாய் கையெழுத்துப் போட்டார்.